நேர மண்டலத்தின் பெயர் வேறு, ஆஃப்செட் வேறு

கேள்வி இதுதான்: “எங்கள் செயலிக்குப் பல நாடுகளில் பயனர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் நேர மண்டலத்தையும் டேட்டாபேஸில் எப்படிச் சேமிப்பது? ‘சிஎஸ்டி’ மாதிரி மூன்றெழுத்திலா, ‘-06:00’ மாதிரி எண்ணிலா, ‘அமெரிக்கா/சிகாகோ’ மாதிரி பெயரிலா? சிகாகோ பயனர்களுக்கு ‘இடிசி/ஜிஎம்டி+6’ என்று கொடுத்தபோது நேரம் சரியாக வந்தது. சிகாகோ கிரீன்விச்சுக்குப் பின்னால்தானே இருக்கிறது, குறி ஏன் தலைகீழ்? மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டுகிறது. எங்கே தவறு?”

பெயரைச் சேமியுங்கள். ‘அமெரிக்கா/சிகாகோ’தான் சரி. மற்ற இரண்டும் ஏன் உதவாது, அந்தக் குறி ஏன் அப்படி இருக்கிறது, மார்ச்சில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரியாமல் பெயருக்கு மாறினாலும் இதே பிழை வேறு வாசல் வழியாகத் திரும்ப வரும். குறியீடுகளையெல்லாம் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; நிரலில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஆஃப்செட் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஓர் ஊரின் சுவர்க் கடிகாரத்துக்கும் யுடிசி நேரத்துக்கும் (உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை நேரம்) இடையில் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். ‘ஒரு குறிப்பிட்ட கணத்தில்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சிகாகோவில் ஜனவரியில் அது -06:00, ஜூலையில் -05:00; கோடைக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், அதுதான் கோடை நேரம். ஊரும் மண்டலமும் ஒன்றுதான், ஆஃப்செட் இரண்டு. மண்டலம் என்பது “இந்த ஊரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த ஆஃப்செட்” என்ற முழு வரலாறும், இனி வரப்போகும் நாட்களுக்கான விதியும் சேர்ந்தது. விதி கையில் இருந்தால் எந்தத் தேதிக்கும் ஆஃப்செட்டைக் கணக்கிடலாம். ஒற்றை ஆஃப்செட்டை வைத்துக்கொண்டு விதிக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

ஏன் இல்லை? ஜனவரியில் ஒரு பயனரின் ஆஃப்செட் -06:00 என்று வைத்துக்கொள்வோம். அவர் சிகாகோவில் இருக்கலாம். மெக்சிகோ சிட்டியில் இருக்கலாம். கோஸ்டா ரிகாவிலோ கனடாவின் ரெஜைனாவிலோ இருக்கலாம். கோஸ்டா ரிகாவிலும் ரெஜைனாவிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மெக்சிகோ சிட்டியில் 2022 வரை மாற்றினார்கள், அந்த ஆண்டு அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். சிகாகோவில் இன்றும் மாற்றுகிறார்கள். ஆக ஜனவரியில் ஒரே எண்ணைக் காட்டிய நான்கு பேர் ஏப்ரலில் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். உங்களுக்கு மார்ச்சில் நடந்ததும் இதுதான். ‘இடிசி/ஜிஎம்டி+6’ பார்ப்பதற்கு மண்டலப் பெயர் மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது மாறாத ஓர் ஆஃப்செட். சிகாகோ ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்தது, உங்கள் செயலி நகரவில்லை.

இப்போது குறி. இதில் எத்தனையோ பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உலகத்தில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலையும், அதை ஒட்டி இணையத்துக்காக 2002-ல் வந்த ஆர்எஃப்சி 3339-உம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே கூட்டல், மேற்கே கழித்தல் என்கின்றன. உள்ளூர் நேரத்திலிருந்து யுடிசியைக் கழித்தால் வருவதுதான் ஆஃப்செட் என்ற பார்வை அது. டோக்கியோ +09:00, சிகாகோ குளிர்காலத்தில் -06:00. மக்கள் பேச்சில் புழங்குவதும் இதுதான்.

யூனிக்ஸ் உலகத்தின் போசிக்ஸ் தரநிலை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் யுடிசி கிடைக்கும் என்பது அதன் கேள்வி. சிகாகோவில் காலை 6 மணி என்றால் 6 கூட்டினால்தான் யுடிசி 12. எனவே அங்கே சிகாகோவுக்கு 6, கூட்டல் குறியோடு. ‘சிஎஸ்டி6சிடிடி’ என்று பழைய கட்டமைப்புக் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். நடுவில் இருக்கும் 6 அதுதான். ‘இடிசி/ஜிஎம்டி+6’ என்ற பெயர் இந்தப் போசிக்ஸ் வழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அப்படி வைக்கப்பட்டது. அது கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருப்பதைத்தான் குறிக்கிறது. தவறுதலாக வந்ததல்ல, இனி மாறப்போவதும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் மனப்பாடம் செய்துவிடலாம். ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பக்கம் நிற்கிறது என்பதுதான் சிக்கல். ஜாவாவில் ‘ஜிஎம்டி+6’ என்று முன்னால் ‘இடிசி/’ இல்லாமல் கொடுத்தால் கிழக்கே ஆறு மணி நேரம். ‘இடிசி/’ சேர்த்தால் மேற்கே ஆறு. ஒரு முன்னொட்டு பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘கெட்டைம்சோன்ஆஃப்செட்’ என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. சிகாகோவில் ஓடும் பிரவுசரில் அது குளிர்காலத்தில் 360 தரும், கோடையில் 300. நிமிடக் கணக்கு, அதுவும் மேற்கே கூட்டல். டோக்கியோவில் கேட்டால் -540. ஆனால் அதே ஜாவாஸ்கிரிப்ட் தேதியைச் சரமாக எழுதும்போது கிழக்கே கூட்டல் போட்டு எழுதும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்பின் வாலில் ‘+06’ என்று எழுதினால் கிழக்கு. அதே டேட்டாபேஸில் மண்டலப் பெயரின் இடத்தில் ‘யுடிசி+6’ என்று கொடுத்தால் அதைப் போசிக்ஸ் வடிவமாக எடுத்துக்கொண்டு மேற்கே போகும். ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு வழக்கமும் இருக்கின்றன.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள நான் முயல்வதில்லை. ஒரு டெஸ்ட் எழுதி வைத்துக்கொள்கிறேன். டோக்கியோவில் பல பத்தாண்டுகளாகக் கோடை நேர மாற்றம் கிடையாது, எப்போதும் +09:00. யுடிசி நண்பகல் 12 மணியை டோக்கியோ நேரமாக மாற்றச் சொல்லுங்கள். இரவு 9 வந்தால் குறி சரி. அதிகாலை 3 வந்தால் குறி தலைகீழாக இருக்கிறது. இரண்டாவது டெஸ்ட் நேபாளத்தின் காட்மாண்டுவுக்கு. அங்கே +05:45. ஆஃப்செட்டை முழு மணிகளாகவே நினைத்து எழுதப்பட்ட நிரல் இங்கே மாட்டும். மூன்றாவது, கனடாவின் செயின்ட் ஜான்ஸ். குளிர்காலத்தில் -03:30. இதில்தான் நுட்பமான பிழை வரும். பலர் சரத்தை முக்காற்புள்ளியில் பிரித்து, மணியை -3 என்றும் நிமிடத்தை 30 என்றும் எடுத்து, மணியை அறுபதால் பெருக்கி நிமிடத்தைக் கூட்டுவார்கள். -180-உம் 30-உம் சேர்ந்தால் -150, அதாவது -02:30. வர வேண்டியது -210. குறி நிமிடத்துக்கும் உண்டு என்பதை மறந்ததன் விளைவு. குறியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியை நேர்மறையாகக் கணக்கிட்டு, கடைசியில் குறியைப் போடுவதுதான் முறை. இல்லாவிட்டால் -00:30 போன்ற மதிப்பில் மணி வெறும் பூஜ்யமாகிக் குறியே காணாமல் போய்விடும்.

இந்தக் கூட்டல் குறியைப் பற்றி இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு குழுவில், ஒரு ஏபிஐ சில வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் தேதி தவறு என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை எல்லாம் சரியாகப் போயின. ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவைதான் விழுந்தன. ஒரு முழு நாள் மண்டல நூலகத்தைக் குடைந்தோம். கடைசியில் சர்வர் லாகில் வந்த சரத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: நொடிக்கும் ‘02:00’-க்கும் நடுவில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தது. யூஆர்எல்லின் வினவல் பகுதியில் கூட்டல் குறியை இடைவெளியாகப் படிப்பது பழைய வழக்கம். கழித்தல் குறிக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் மேற்கத்தியவர்கள் தப்பித்தார்கள். தீர்வு ஒரே வரி: அனுப்பும் பக்கத்தில் கூட்டல் குறியை ‘%2பி’ என்று குறியாக்கம் செய்வது. உங்கள் செயலியும் தேதியை யூஆர்எல்லில் அனுப்புகிறதென்றால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சரி, மூன்றெழுத்துக்கு வருவோம்.

‘சிஎஸ்டி’ என்றால் வட அமெரிக்காவின் மத்திய நேரம், -06:00. சீன நேரமும் ‘சிஎஸ்டி’தான், +08:00. கியூபாவின் நேரமும் ‘சிஎஸ்டி’, -05:00. ‘ஐஎஸ்டி’யை எடுத்தால் இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து என்று மூன்று நாடுகள். ‘பிஎஸ்டி’ என்பது லண்டன்காரருக்குக் கோடை நேரம், ஜாவாவின் பழைய சுருக்கப்பெயர்ப் பட்டியலுக்கோ அது டாக்கா நேரம். சுருக்கப்பெயர்களைப் பதிவு செய்து, ஒன்றுக்கு ஒன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு எதுவும் கிடையாது. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் புரிந்துகொள்ள வைத்துக்கொண்டவை அவை. அவற்றைத் திரையில் காட்டலாம். உள்ளீடாக வாங்கக் கூடாது.

போதாததற்கு, மக்கள் அவற்றைச் சரியாகவும் சொல்வதில்லை. நியூயார்க்கில் ஜூலை மாதம் “மாலை 3 மணி இஎஸ்டி” என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினால் அவர் சொல்ல வந்தது அந்த ஊர் நேரத்தை, அதாவது -04:00. எழுத்தின்படி பார்த்தால் இஎஸ்டி என்பது அங்கே குளிர்கால நேரம், -05:00. எழுத்தை நம்பினால் ஒரு மணி நேரம் தவறிவிடும்.

லினக்ஸ் டெர்மினல் கையில் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘டிஇசட்’ என்ற சூழல் மாறிக்கு ‘இடிடி’ என்று, அதாவது நியூயார்க்கின் கோடைச் சுருக்கப்பெயரைக் கொடுத்து ‘டேட்’ கட்டளையை ஓட்டுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. வெளியீட்டில் ‘இடிடி’ என்றும் அச்சாகும். ஆனால் அதில் இருக்கும் மணி யுடிசி மணி. அப்படி ஒரு மண்டலம் பட்டியலில் இல்லாததால், நீங்கள் தந்ததை வெறும் பெயர்ச்சீட்டாக எடுத்துக்கொண்டு ஆஃப்செட்டைப் பூஜ்யமாக வைத்துவிடுகிறது. பழைய ஜாவா நூலகத்தில் ‘டைம்சோன்’ வகுப்பும் தெரியாத பெயரைக் கொடுத்தால் சத்தமில்லாமல் ஜிஎம்டியைத் திருப்பித் தரும். இந்த மாதிரிப் பிழைகள் எங்கேயும் நின்று கத்துவதில்லை. தவறான நேரத்தை அழகாக வடிவமைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உள்ளே வரும் மண்டலப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று சோதித்து, இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்கிறேன்.

எந்தப் பட்டியல்? ‘கண்டம்/ஊர்’ வடிவில் நாம் பார்க்கும் பெயர்கள் டிஇசட் டேட்டாபேஸ் என்ற பொதுச் சொத்திலிருந்து வருகின்றன. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்தது. பல ஆண்டுகளாகப் பால் எகெர்ட் ஒருங்கிணைத்து வருகிறார். 2011-லிருந்து, இணையத்தின் பொதுப் பெயர்களையும் எண்களையும் பராமரிக்கும் ஐயானா அமைப்பின் குடையின் கீழ் இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ஜாவா, பைத்தான் எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன. உலகத்தின் கடிகாரங்கள் எல்லாம் ஒரு சிறிய தன்னார்வலர் கூட்டத்தின் பொறுமையான உழைப்பில் ஓடுகின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நன்றியுணர்வு வரும்.

பெயருக்கு நாட்டை எடுக்காமல் ஊரை எடுத்தது நல்ல யோசனை. நாடுகள் பிரிகின்றன, பெயர் மாறுகின்றன, ஒரே நாட்டுக்குள் பல மண்டலங்கள் இருக்கின்றன. ஊர் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. ஆனாலும் ஊர்ப் பெயரின் எழுத்து மாறத்தான் செய்கிறது. ‘ஏசியா/கல்கட்டா’ என்பது ‘ஏசியா/கொல்கத்தா’ ஆனது. ‘ஐரோப்பா/கியெவ்’ 2022-ல் ‘ஐரோப்பா/கீவ்’ ஆனது. பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை, புதிய பெயருக்கான இணைப்பாகத் தொடர்கிறது. இதனால் நிரலில் இரண்டு கவனம் வேண்டும். ஒன்று, இரண்டு பயனர்கள் ஒரே மண்டலமா என்பதைச் சரங்களை நேரடியாக ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். சில பிரவுசர்கள் பழைய பெயரையே திருப்பித் தருகின்றன. இரண்டு, புதுப் பெயரோடு வரும் தரவைப் பழைய நூலகம் வைத்திருக்கும் சர்வர் புரிந்துகொள்ளாமல் பிழை காட்டலாம்.

விண்டோஸ் தனக்கென்று வேறு பெயர்கள் வைத்திருக்கிறது. ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்’ என்று அங்கே எழுதியிருந்தால் அது நியூயார்க்கின் குளிர்கால நேரத்தை மட்டும் குறிப்பதில்லை, கோடை மாற்றத்தோடு சேர்த்த முழு மண்டலத்தையும் குறிக்கிறது. ‘ஜிஎம்டி ஸ்டாண்டர்ட் டைம்’ என்பது லண்டன், கோடையில் +01:00 உட்பட. இந்தப் பெயர்களை டிஇசட் பெயர்களாக மாற்றும் அட்டவணையை யூனிகோடின் சிஎல்டிஆர் திட்டம் பராமரிக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். நீங்களாக அட்டவணை எழுத வேண்டாம்.

லண்டன் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் வேறு, ஜிஎம்டி வேறு, யுடிசி வேறு. லண்டன் பயனருக்கு ‘ஜிஎம்டி’ என்று போட்டால் வருடத்தில் பாதிக்கு மேல் தவறாக இருக்கும். டெஸ்ட் எழுதுகிறவர்களைக் குழப்பும் ஒரு சங்கதியும் இதில் உண்டு: யூனிக்ஸ் நேரம் பூஜ்யத்தை, அதாவது 1970 ஜனவரி 1 நள்ளிரவு யுடிசியை, லண்டன் நேரமாக மாற்றினால் அதிகாலை 1 மணி வரும். பிழை இல்லை. 1968 முதல் 1971 வரை பிரிட்டன் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. மண்டலம் என்பது வரலாறு என்று சொன்னேனே, அதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

வரலாறு எதிர்பாராத இடத்தில் எட்டிப் பார்ப்பதும் உண்டு. பைத்தானில் ‘பைடிஇசட்’ நூலகத்தின் சிகாகோ மண்டலத்தை நேரடியாக ஒரு தேதியின் ‘டிஇசட்இன்ஃபோ’வில் திணித்தால் ஆஃப்செட் -05:51 என்று வரும். சீரான நேரம் வருவதற்கு முன் சிகாகோ தன் சூரியனைப் பார்த்து வைத்துக்கொண்ட உள்ளூர்ச் சராசரி நேரம் அது. பட்டியலின் முதல் பதிவை நூலகம் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த நூலகத்தில் ‘லோக்கலைஸ்’ என்ற செயற்கூறு வழியாகத்தான் போக வேண்டும். பைத்தான் 3.9-லிருந்து ‘சோன்இன்ஃபோ’ உள்ளேயே வருகிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக எழுதுவதானால் அதையே எடுங்கள்.

அப்புறம், “எல்லாவற்றையும் யுடிசியில் சேமித்துவிட்டால் போதாதா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். நடந்து முடிந்தவற்றுக்குப் போதும். ஒரு கட்டணம் எப்போது வந்தது, ஒரு பதிவு எப்போது உருவானது, யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பதெல்லாம் காலத்தின் ஒரு புள்ளி. யுடிசியில் வையுங்கள், காட்டும்போது பயனரின் மண்டலத்துக்கு மாற்றுங்கள்.

நடக்கப்போகிறவற்றுக்குப் போதாது. ஒருவர் “அடுத்த வருடம் மே 10, காலை 9 மணி, கெய்ரோவில் கூட்டம்” என்று பதிகிறார். அவர் மனத்தில் இருப்பது கெய்ரோவின் சுவர்க் கடிகாரத்தில் 9 மணி. அதை இன்றைய விதிப்படி யுடிசிக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, உள்ளூர் நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால், இடையில் அரசு விதியை மாற்றும்போது உங்கள் பதிவு தவறாகிவிடும். இது கற்பனை இல்லை. எகிப்து பல ஆண்டுகள் நிறுத்தியிருந்த கோடை நேரத்தை 2023-ல் திரும்பக் கொண்டுவந்தது. துருக்கி 2016-ல் குளிர்காலத்துக்குத் திரும்பாமல் +03:00-இலேயே நின்றுவிட்டது. வட கொரியா 2015-ல் அரை மணி நேரம் பின்னால் போய், 2018-ல் திரும்ப வந்தது. சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் போனது. அந்த நாளுக்கு யாராவது ஒரு நினைவூட்டலை வைத்திருந்தால் அது ஒலிக்க வேண்டிய நாளே அங்கே வரவில்லை.

2023 மார்ச்சில் லெபனானில் நடந்ததை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். கோடை நேரம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது அரசு அதை ஏப்ரல் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவைத்தது. நாட்டில் ஒரு பகுதியினர் ஏற்றார்கள், ஒரு பகுதியினர் மறுத்துப் பழைய தேதியிலேயே கடிகாரத்தை மாற்றினார்கள். சில நாட்கள் ஒரே ஊரில் இரண்டு நேரம். பிறகு அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. டிஇசட் டேட்டாபேஸ் தள்ளிவைப்புக்காக ‘2023பி’ என்ற பதிப்பை வெளியிட்டு, சில நாட்களில் அதைத் திருப்பி ‘2023சி’யை வெளியிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் புதுப்பித்த சர்வர், புதுப்பிக்காத சர்வர், இரண்டும் ஒரே நேரத்துக்கு இரண்டு விடை சொல்லியிருக்கும்.

ஆகவே எதிர்கால நிகழ்வுக்கு மூன்று புலங்கள் வையுங்கள்: உள்ளூர்த் தேதியும் நேரமும், மண்டலப் பெயர், அவற்றிலிருந்து கணக்கிட்ட யுடிசி. முதல் இரண்டும்தான் உண்மை. மூன்றாவது தேடலுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் உதவும் நகல். டிஇசட் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதைத் திரும்பக் கணக்கிடுங்கள். தரவு எங்கெங்கே இருக்கிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இயங்குதளத்தில் ஒரு பிரதி, ஜாவா ஓடினால் அதற்குள் தனிப் பிரதி, டேட்டாபேஸ் தனியாக ஒன்று வைத்திருக்கலாம், பயனரின் பிரவுசரில் இன்னொன்று. கன்டெய்னருக்கான மிகச் சிறிய இமேஜ்களில் இந்தத் தரவே இல்லாமல் போவதும் உண்டு. கோ மொழி நிரல் உங்கள் கணினியில் ஓடி, அங்கே போனதும் மண்டலம் தெரியவில்லை என்று விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் பயன்படுத்தினால் ஒரு பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்’ என்ற வகை மண்டலத்தைச் சேமிப்பதில்லை. நீங்கள் தந்த ஆஃப்செட்டை வைத்து யுடிசிக்கு மாற்றிச் சேமித்துவிட்டு, ஆஃப்செட்டை விட்டுவிடுகிறது. திரும்பக் கேட்கும்போது உங்கள் இணைப்பின் மண்டலத்தில் காட்டுகிறது. மண்டலப் பெயருக்குத் தனிப் பத்தி, அதாவது அட்டவணையில் தனி நெடுவரிசை, வேண்டும்.

கோடை நேரம் மாறும் இரவுகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சிகாகோவில் 2024 மார்ச் 10 அதிகாலை 2:30 என்று ஒரு நேரமே இல்லை. 1:59-க்கு அடுத்து 3:00. நவம்பர் 3 அதிகாலை 1:30 இரண்டு முறை வந்தது, முதலில் -05:00-இல், ஒரு மணி நேரம் கழித்து -06:00-இல். ‘அமெரிக்கா/சிகாகோ, 1:30’ என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது. இங்கே மட்டும் பெயரோடு ஆஃப்செட்டும் சேர்ந்து வேண்டும். இரண்டையும் ஒரே சரத்தில் எழுத 2024-ல் ஆர்எஃப்சி 9557 ஒரு வடிவம் தந்திருக்கிறது: வழக்கமான நேரமும் ஆஃப்செட்டும், அதைத் தொடர்ந்து சதுர அடைப்புக்குள் மண்டலப் பெயர். ஜாவாவின் ‘சோன்ட்டேட்டைம்’ முன்பிருந்தே இப்படித்தான் எழுதிவந்தது.

தேதி மட்டும் போதுமான இடத்தில் மண்டலத்தைக் கொண்டுவரவே வேண்டாம். பிறந்தநாள் ஒரு நாட்காட்டித் தேதி. ஜாவாஸ்கிரிப்டில் ‘2024-03-10’ என்ற சரத்தைத் தேதியாக மாற்றினால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சிகாகோ பயனரின் திரையில் அது மார்ச் 9 ஆகிவிடும். அதே சரத்தோடு நேரத்தையும் ஒட்டி ஆஃப்செட் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். பிறந்தநாளைத் தேதி வகைப் பத்தியில், தேதியாகவே வையுங்கள்.

இனி உங்கள் டேட்டாபேஸுக்கு வருவோம். புதிய பயனர்களுக்குப் பிரவுசரின் ‘இன்டல்’ வசதியிடம் மண்டலப் பெயரைக் கேட்டு வாங்கி, “உங்கள் நேரம் இப்போது இத்தனை மணி, சரிதானே?” என்று காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மக்களுக்கு மண்டலத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், தங்கள் சுவரில் மணி என்ன என்பது தெரியும். மாற்ற விரும்புகிறவருக்கு ஊரைத் தட்டச்சு செய்து தேடும் பெட்டி கொடுங்கள். பக்கத்தில் ஆஃப்செட்டைக் காட்டுவதென்றால் அந்த நாளுக்கானதைக் கணக்கிட்டுக் காட்டுங்கள், பட்டியலில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே ‘சிஎஸ்டி’ என்றும் ‘இடிசி/ஜிஎம்டி+6’ என்றும் இருக்கும் வரிசைகளை ஒரே எஸ்கியூஎல் கட்டளையில் ‘அமெரிக்கா/சிகாகோ’ என்று மாற்றிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அவர்களில் ஷாங்காய்க்காரரும் இருக்கலாம், ரெஜைனாக்காரரும் இருக்கலாம். பழைய மதிப்பைத் தனிப் பத்தியில் அப்படியே பாதுகாத்து வைத்துக்கொண்டு, முகவரியில் நாடும் ஊரும் தெளிவாக இருப்பவர்களுக்கு மட்டும் பெயரை நிரப்புங்கள். மற்றவர்களுக்குப் புதிய பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, அவர்கள் அடுத்த முறை உள்ளே வரும்போது மேலே சொன்ன அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அதுவரை அவர்களுக்குக் காட்டும் நேரத்தை யுடிசியிலேயே காட்டி, பக்கத்தில் ‘யுடிசி’ என்று எழுதிவிடுங்கள்.

கூடவே, குளிர்காலத்தில் அவர்கள் பதிந்த எதிர்கால நினைவூட்டல்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மார்ச் மாற்றத்துக்கு முன் பதிந்து, அதற்குப் பின் ஒலிக்க வேண்டியவை எல்லாம் இப்போது ஒரு மணி நேரம் தாமதமாக நிற்கும். பதிந்த நாளில் அமலில் இருந்த -06:00-ஐ வைத்து உள்ளூர் நேரத்தை மீட்டெடுங்கள், பிறகு சரியான மண்டலப் பெயரைக் கொண்டு யுடிசியைத் திரும்பக் கணக்கிடுங்கள். இந்த வேலையை நவம்பர் முதல் ஞாயிறுக்கு முன் முடித்துவிடுங்கள். அன்று சிகாகோ திரும்ப -06:00-க்கு வந்துவிடும், தவறான வரிசைகளும் சரியானவை மாதிரியே தெரிய ஆரம்பிக்கும், எவை எவை என்று பிரித்தெடுப்பது இன்னும் கடினமாகிவிடும்.